மன்றத்துக்கு மானநஷ்டம் உண்டா?

குடிமையியல் பாடத்தில் உள்ளாட்சி மன்றங்களைப் பற்றி நாம் படிப்பது பெரும்பாலும் அவற்றின் கடமைகளையே. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சந்தை, மயானம் என்று விரல்விட்டு எண்ணி ஒப்பித்துவிடுகிறோம். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த மன்றத்தில் அமர்ந்திருப்பவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? அவர்கள் தவறினால் தட்டிக் கேட்பவர் யார்? கேட்டவர்மீது மன்றமே சினங்கொண்டு, "எங்கள் மானம் போயிற்று" என்று நீதிமன்றப் படி ஏறினால் என்ன ஆகும்? இவையும் குடிமையியலே. இவற்றுள் கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை காண நீதிபதிகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த விடை நம் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நாம் முதலில் செல்ல வேண்டிய இடம் பிரிட்டன். காரணம் எளிது. நம் நகராட்சிகளின் அமைப்பு அங்கிருந்து வந்ததே. சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் தோன்றியது. தலைவர், உறுப்பினர், தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு ஆகிய முறைகளெல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. அந்த முறைகளோடு அவற்றின் சச்சரவுகளும் கப்பலேறி வந்ததில் வியப்பில்லை.

வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கடற்கரையில் டென்பி என்று ஒரு சிற்றூர் உண்டு. கோடைக்காலத்தில் மக்கள் கடற்காற்று வாங்கச் செல்லும் ஊர். அவ்வூரில் 'டென்பி அப்சர்வர்' என்னும் உள்ளூர்ப் பத்திரிகை நடந்துவந்தது. அதன் ஆசிரியர் பிராங்க் மேசன் நகர்மன்றக் கூட்டங்களுக்குச் சென்று அங்கே நடப்பதை எழுதிவந்தார். அவர் எழுதியது மன்றத்தாருக்குப் பிடிக்கவில்லை. "இனி நீர் வரக் கூடாது" என்றனர். அவர் விடுவதாயில்லை, மீண்டும் மீண்டும் போய் அமர்ந்தார். மன்றம் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, நகர்மன்றக் கூட்டத்தில் உட்கார வெளியாருக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை, மன்றம் விரும்பினால் அனுமதிக்கலாம், விரும்பாவிட்டால் வெளியேற்றலாம் என்று 1908-இல் தீர்ப்பளித்தது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள், மக்களின் வரிப்பணத்தை எப்படிச் செலவிடலாம் என்று பேசும் கூட்டம் அது. அதைக் கேட்க மக்களுக்கு உரிமை இல்லை! சட்டம் அப்படித்தான் இருந்தது.

மேசன் வழக்கில் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியே அவருக்கு வெற்றியாக முடிந்தது. தீர்ப்பைக் கேட்டுப் பத்திரிகை உலகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டிலேயே பாராளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை இயற்றி, உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்குச் செல்லப் பத்திரிகை நிருபர்களுக்கு உரிமை அளித்தது.

சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இருக்குமா? மன்றத்தின் கூட்டத்துக்குத்தான் நிருபர் வரலாம். குழுக்களின் கூட்டத்துக்கு அந்த உரிமை முழுமையாக இல்லை. எனவே சில மன்றங்கள் ஒரு தந்திரம் செய்தன. எல்லா உறுப்பினர்களும் அமர்ந்திருக்கும்போதே, "இப்போது நாங்கள் மன்றமாக அல்ல, குழுவாகக் கூடுகிறோம்" என்று ஒரு தீர்மானம் போடும். அதே நாற்காலிகள், அதே ஆட்கள். பெயர் மட்டும் மாறிவிட்டது. நிருபர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான்.

இந்த ஓட்டையை அடைக்க முன்வந்தவர் ஒரு பெண்மணி என்பது நம் மாணவியர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. 1959 அக்டோபரில் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்கரெட் தாட்சர் என்பவரே அவர். பிற்காலத்தில், 1979 முதல் 1990 வரை, பிரதமராக விளங்கியவர். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, வெறுப்பவரும் உண்டு. அது வேறு கதை. 1960 பிப்ரவரி 5-ஆம் நாள், முப்பத்து நான்கு வயதில், தம் கன்னிப்பேச்சிலேயே ஒரு மசோதாவை முன்மொழிந்து பேசினார். புதிதாக வந்தவர் முதற்பேச்சில் தம் தொகுதியின் அழகையும் முன்னிருந்தவரின் பெருமையையும் கூறி அமர்வதே அச்சபையின் மரபு. அவரோ அந்த உபசாரங்களை விட்டு நேரே பொருளுக்கு வந்தார். அச்சுத் தொழிலில் ஏற்பட்ட ஒரு தகராறின்போது சில நகர்மன்றங்கள், தங்களுக்குப் பிடிக்காத பத்திரிகைகளின் நிருபர்களுக்கு வசதி மறுத்திருந்தன. அதுவே மசோதாவுக்குத் தூண்டுகோலாயிற்று. அவ்வாண்டின் இறுதிக்குள் அது சட்டமாயிற்று. நிருபர்கள் மட்டுமல்ல, பொதுமக்களும் மன்றக் கூட்டத்தில் அமர்ந்து கேட்கலாம்; எல்லா உறுப்பினரும் அடங்கிய குழுவுக்கும் இது பொருந்தும். இரகசியமாய் வைக்க வேண்டிய காரியமானால், காரணத்தைச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகே கதவைச் சாத்தலாம்.

பின்னர் 1972, 1985 ஆண்டுகளில் வந்த சட்டங்கள் குழுக்களின் கதவையும், துணைக்குழுக்களின் கதவையும், கோப்புகளின் கட்டையும் அவிழ்த்தன. 2014-இல் இங்கிலாந்தில் கூட்டங்களைப் படம்பிடிக்கவும் விதிகள் இடம் கொடுத்தன.

கதவு திறந்துவிட்டது. உள்ளே நடப்பதை மக்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? பேசுவார்கள், சில வேளைகளில் கடுமையாகவே பேசுவார்கள். இங்கேதான் நம் தலைப்பிலுள்ள கேள்வி எழுகிறது.

மான்செஸ்டர் நகரில் ஒருவர், மாநகராட்சியின் சில இலாகாக்களில் இலஞ்சமும் ஊழலும் மலிந்திருப்பதாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மாநகராட்சி அவர்மீது வழக்குத் தொடுத்தது. 1891-இல் வந்த தீர்ப்பு படிக்கச் சுவையானது. இலஞ்சம் வாங்குவதற்குக் கை வேண்டும். மாநகராட்சி என்பது சட்டம் படைத்த ஓர் உருவம். அதற்குக் கையும் இல்லை, பையும் இல்லை. அதிலுள்ள மனிதர்கள் இலஞ்சம் வாங்கலாம். மாநகராட்சி வாங்க முடியாது. செய்ய முடியாத ஒரு குற்றத்தைச் செய்ததாகச் சொன்னால் அதன் மானம் எப்படிப் போகும்? தீர்ப்பின் கருத்தை நம் மொழியில் சொன்னால் இப்படித்தான் வரும். சொத்துக்குக் கேடு வந்தால் மாநகராட்சி வழக்காடலாம், சொந்த மானத்துக்காக வழக்காட முடியாது என்பது அதன் சாரம்.

எண்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நீதிபதி வேறுவிதமாய் நினைத்தார். தென் இங்கிலாந்தில் பாக்னர் ரீஜிஸ் என்பது இன்னொரு கடற்கரை ஊர். (இந்தச் சண்டைகளெல்லாம் கடற்கரை ஊர்களிலேயே ஏன் நடக்கின்றனவோ தெரியவில்லை!) அங்கே வரி செலுத்தும் ஒருவர், வரி செலுத்துவோர் சங்கக் கூட்டத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தை விநியோகித்தார். நகர மன்றத்தை அதில் வெளுத்து வாங்கியிருந்தார். அந்தப் பிரசுரத்தின் மொழி நயமானதன்று. நம் பள்ளியில் எவளேனும் அப்படி எழுதினால் ஆசிரியையின் முன் போய் நிற்க வேண்டியிருக்கும். மன்றம் மானநஷ்ட வழக்குப் போட்டது. ஒரு வியாபாரக் கம்பெனிக்கு வியாபாரத்தில் நற்பெயர் இருப்பது போல, ஊரை ஆளும் மன்றத்துக்கும் ஆட்சியில் ஒரு நற்பெயர் உண்டு, அதைக் காத்துக்கொள்ள அது வழக்காடலாம் என்று 1972-இல் தீர்ப்பாயிற்று. அந்த மனிதர் மன்றத்துக்கு 2,000 பவுன் கொடுக்க வேண்டும். வழக்குச் செலவு வேறு.

இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். மன்றம் வழக்காடியது யார் பணத்தில்? வரிப்பணத்தில். அதாவது அந்த மனிதரும் அவருடைய அயலாரும் கட்டிய வரியைக் கொண்டே அவர்மேல் வழக்கு. அவரோ தம் கைப்பணத்தைப் போட்டு எதிர்த்து நிற்க வேண்டும். இரு தரப்பாரும் சமநிலையில் இல்லை என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். பாதுகாக்கப்பட்ட அந்த நற்பெயருக்குத்தான் எத்தனை ஆயுள்? 1974 ஏப்ரல் முதல் நாள் உள்ளாட்சிகளைத் திருத்தி அமைத்தபோது பாக்னர் ரீஜிஸ் மன்றமே கலைக்கப்பட்டுவிட்டது.

ஆனால் தீர்ப்பு கலையவில்லை; இருபது ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. 1989 செப்டம்பரில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை இரண்டு இதழ்களில், டார்பிஷயர் என்னும் மாவட்ட மன்றம் தன் ஊழியரின் ஓய்வூதிய நிதியை முதலீடு செய்த விதம் முறைதானா என்று கேள்வி கேட்டுக் கட்டுரைகள் வெளியிட்டது. மன்றம் வழக்குத் தொடுத்தது. மன்றத் தலைவரும் தனியே வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியாக 1993 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிரதான உரையை வழங்கியவர் கீத் பிரபு. தேர்தலால் அமையும் மன்றம் எதுவும் மானநஷ்ட வழக்குத் தொடுக்க முடியாது. பாக்னர் ரீஜிஸ் தீர்ப்பு தவறு என்றனர்.

அவர்கள் கூறிய காரணங்களை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. மக்களாட்சியில் ஆளும் மன்றத்தைத் தடையின்றிக் குறைகூற மக்களுக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். வழக்கு வரும் என்ற பயம் பொய் பேசுபவனை மட்டும் தடுப்பதில்லை, உண்மை பேசுபவனையும் தடுத்துவிடுகிறது. ஒருவர் அறிந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்கும் சாட்சி கையில் இல்லாதிருக்கலாம். அப்போது அவர், "நமக்கேன் வம்பு?" என்று வாய்மூடிப் போவார். மேலும், மன்றத்தின் நற்பெயர் என்று சொல்கிறோமே, அது யாருடையது? இன்று ஒரு கட்சி ஆள்கிறது. அடுத்த தேர்தலில் மறு கட்சி வரும். முன்னவர் மேல் விழுந்த பழிக்குப் பின்னவர் நஷ்டஈடு வாங்குவதா? மன்றத்துக்குப் பதில் சொல்ல வழியே இல்லையா என்றால், உண்டு. அறிக்கை விடலாம், சபையில் எழுந்து விவாதிக்கலாம், கணக்கை விரித்துக் காட்டலாம். சாதாரணக் குடிமகனுக்கு அந்த மேடை கிடையாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மன்றத்துக்கு மானநஷ்டம் இல்லை என்றதால், மன்றத்தில் இருக்கும் மனிதருக்கும் இல்லை என்றாகாது. உறுப்பினரோ அலுவலரோ தம்மைப் பற்றி யாரேனும் பொய்ப்பழி சுமத்தினால், தாமே தம் பெயரில் வழக்காடலாம். இதைத் தீர்ப்பிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கு மனம் உண்டு, குடும்பம் உண்டு, தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டிய தேவை உண்டு. நாற்காலிக்கு அதெல்லாம் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். அந்தத் தீர்ப்பு வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் அது சென்னையைச் சார்ந்த ஒரு வழக்கில் வந்து நின்றது. மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றை 'நக்கீரன்' வார இதழ் வெளியிட முனைந்தது. அதில் சில உயர் அலுவலர்களைப் பற்றிய செய்திகள் இருந்தன. வெளியிடக் கூடாது, அது பொய் என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். விஷயம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு' என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த வழக்கில் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தனிமனிதரின் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொன்ன நீதிபதிகள், டார்பிஷயர் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, அரசும் உள்ளாட்சி மன்றங்களும் அரசதிகாரத்தைச் செலுத்தும் பிற அமைப்புகளும் மானநஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று கூறினர். இதே தீர்ப்பில் அவர்கள் துணைக்கு அழைத்த மற்றொன்று 1964-ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு. அதில் வழக்காடியவரும் மாண்ட்கோமரி நகரத்தின் ஆணையர்களில் ஒருவரே. அதுவும் உள்ளாட்சிச் சண்டைதான். ஆக, நம் பேரூராட்சியோ நகராட்சியோ தன்னைக் குறைகூறியவரிடம் "இவ்வளவு இலட்சம் கொடு" என்று கேட்க முடியாது. கிரிமினல் அவதூறுச் சட்டம் தனி. அதைப் பற்றி நீதிபதிகள் அந்த வழக்கில் முடிவு கூறவில்லை. ஆகவே, எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

துள்ளிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கும், மன்றங்கள் கொல்லைப்புற வழியைத் தேடாமல் இருப்பதில்லை என்பதற்கும் ஒரே சான்று போதும். டென்பிக்குப் பக்கத்து மாவட்டம் கார்மார்தன்ஷயர். 2011-இல் அங்கே மாவட்ட மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கைப்பேசியால் படம்பிடித்த ஒரு பெண்மணியைப் போலீசார் விலங்கிட்டு அழைத்துச் சென்றனர். மேசனை வெளியேற்றிய நூறாண்டுக்குப் பின், அடுத்த மாவட்டத்தில்! அப்பெண்மணிக்கும் மன்றத்தின் தலைமை அலுவலருக்கும் வழக்குகள் மூண்டன. 2013-இல் நீதிமன்றம் அவர் அலுவலரைப் பற்றி எழுதியவை அவதூறே என்று கண்டு, 25,000 பவுன் கொடுக்கும்படி ஆணையிட்டது. அது ஒரு பக்கம். அலுவலர் தம் பெயரில் தொடுத்த எதிர்வழக்குக்கான செலவை ஏற்றுக்கொண்டதோ மன்றம். தானே வழக்காட முடியாது என்று சட்டம் தடுத்திருக்க, தன் அலுவலரின் வழக்குக்கு மன்றம் பணம் கொடுத்தது. வேல்ஸ் தணிக்கை அலுவலகம் 2014 ஜனவரியில் இது சட்டத்துக்கு முரண் என்று அறிக்கை தந்தது. மன்றம் தன் செயல் சரியே என்று வாதாடியது. முன்வாசலை நீதிபதிகள் பூட்டினால், பின்வாசலுக்குத் தணிக்கையாளர் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நற்பெயரைப் பற்றிப் பேசினோம். அதற்கு அடிப்படையான நடத்தையைப் பற்றியும் பேச வேண்டும். இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களைக் குலுக்கி எடுத்தது 1970-களில் வெளியான பூல்சன் ஊழல். ஜான் பூல்சன் ஒரு கட்டடக் கலைஞர். மன்ற உறுப்பினர்களையும் அலுவலர்களையும் பரிசுகளாலும் பணத்தாலும் வளைத்துக் கட்டட வேலைகளைப் பெற்றார். 1972-இல் அவர் திவாலானார். திவால் வழக்கில் கணக்குகளைப் பகிரங்கமாக விசாரித்தபோதுதான் யார் யாருக்கு என்னென்ன போயிற்று என்பது வெளிவந்தது. நியூகாசில் நகர்மன்றத்தின் தலைவராயிருந்து நகரையே புதுப்பிக்கக் கனவு கண்ட டான் ஸ்மித் 1974-இல் ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். திறமைசாலி, ஊர்ப்பற்று உள்ளவர் என்று பெயரெடுத்தவர். அதனாலேயே அவர் வீழ்ச்சி மக்களை அதிகம் வருத்தியது.

அடுத்த ஆண்டே, 1975-இல், மன்ற உறுப்பினர்களுக்கென்று தேசிய நடத்தைக் கோவை ஒன்று வகுக்கப்பட்டது. அதன் முதுகெலும்பு, சொந்த நலன் உள்ள காரியத்தில் அதை முன்கூட்டியே அறிவிப்பது. நம் பள்ளியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்வோம். பேச்சுப் போட்டிக்கு நடுவர் குழுவில் ஒருவர் இருக்கிறார். போட்டியில் பேசுபவர்களில் அவர் தங்கையும் ஒருத்தி. நடுவர் மிக நேர்மையானவராகவே இருக்கட்டும். தங்கைக்குப் பரிசு கிடைத்தால் மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? கிடைக்காவிட்டால் தங்கை என்ன நினைப்பாள்? "இவள் என் தங்கை, நான் விலகிக்கொள்கிறேன்" என்று எழுந்து போய்விட்டால் தீர்ந்தது. நகர்மன்றத்தில் ஒரு சாலைக் குத்தகை வரும்போது, குத்தகை எடுப்பவர் தம் மைத்துனராயிருந்தால் உறுப்பினர் செய்ய வேண்டியதும் அதுவே. எழுந்து போகும் அந்தச் சில அடிகள்தான் பலருக்குக் கடினமாயிருக்கின்றன.

1994-இல் நோலன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்து, பொதுவாழ்வில் இருப்போருக்கு ஏழு நெறிகளை 1995-இல் வகுத்துக் கொடுத்தது. தன்னலமின்மை, கறைபடாமை, நடுநிலை, பதில் சொல்லும் கடமை, ஒளிவுமறைவின்மை, வாய்மை, முன்மாதிரியாய் நிற்றல் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். அவற்றைச் செயற்படுத்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தனி வாரியத்தையே அமைத்தது. தவறியவர்களை இடைநீக்கம் செய்யவும் வழி இருந்தது. ஆனால் நாளடைவில் "அவர் என்னை முறைத்தார்", "இவர் என்னைக் கேலி செய்தார்" என்ற அற்பப் புகார்கள் வந்து குவிகின்றன என்று குறை எழுந்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாரியத்தையும் இடைநீக்க அதிகாரத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டது. பண நலனை மறைப்பதை மட்டும் குற்றமாக்கியது. களை பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கிவிட்டார்கள் என்பது நம் கருத்து.

அதன் விளைவை உலகமே பார்த்துச் சிரித்தது. மான்செஸ்டருக்குத் தெற்கே ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் மன்றம் அது. (பாரிஷ் என்றதும் நம் பங்குக்கோயில் நினைவுக்கு வரும். அங்கே அது ஊராட்சிக்குப் பெயர். கோயிற்பங்கின் எல்லையே ஊரின் எல்லையாயிருந்த காலத்தின் மிச்சம்.) கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், அம்மன்றம் கணினித் திரையில் கூடியது. கூட்டம் செல்லுமா செல்லாதா என்பதிலேயே சண்டை. செயலராக உதவிசெய்ய வந்திருந்த ஜாக்கி வீவர் என்னும் அம்மையாரை நோக்கி, "உமக்கு இங்கே அதிகாரமில்லை" என்று தலைவர் கூச்சலிட்டார். அம்மையாரோ குரலை உயர்த்தாமல், ஒரு பொத்தானை அழுத்தித் தலைவரையே கூட்டத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார். 2021 பிப்ரவரியில் அக்காட்சி பரவி, இலட்சக்கணக்கானோர் கண்டு களித்தனர். அம்மையார் ஒரே இரவில் புகழ்பெற்றார்.

சிரித்து முடித்த பின்னர் விசாரணை வந்தது. 2022-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? சில உறுப்பினர்கள் நடத்தை விதிகளை மீறியது உண்மை. அதேவேளை, தலைவரை வெளியேற்ற அம்மையாருக்கு முறைப்படி அதிகாரம் இருக்கவில்லை. அந்த இக்கட்டான நிலையில் அவர் அப்படிச் செய்தது புரிந்துகொள்ளத்தக்கதே. கத்தியவர் சொன்னது சட்டப்படி சரி. அமைதியாயிருந்தவர் செய்தது சட்டப்படி தவறு! சினத்தோடு சொன்னதால் அவருடைய நியாயம் எவர் காதிலும் ஏறவில்லை. இந்த விசாரணைக்கு மேல்மன்றம் செலவிட்டது 85,000 பவுனுக்கு மேல். இவ்வளவுக்குப் பிறகும், யாரையும் ஒரு நாளேனும் இடைநீக்கம் செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.

நம் மாநிலத்தில் நிலைமை நேர்மாறானது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சித் தலைவர் கடமை தவறினாலோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, ஊராட்சி மன்றத்தின் கருத்தையும் கூட்டம் போட்டு அறிந்து, அவரைப் பதவிநீக்கம் செய்யலாம். அங்கே பல்லில்லை, இங்கே பல் உண்டு, ஆனால் அது மக்களின் வாயில் இல்லை, அதிகாரியின் வாயில் இருக்கிறது. வாக்களித்து அமர்த்தியவர்கள் மக்கள், இறக்குபவர் ஆட்சியர். எது மேல் என்று மேல்வகுப்பு மாணவியர் ஒரு பட்டிமன்றம் வைத்துப் பார்க்கலாம்.

மக்கள் நேரே கேட்க நமக்கு இருக்கும் இடம் கிராம சபை. 2022 முதல் அது ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடும்படி வகுக்கப்பட்டது. குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம். அங்கே ஊராட்சியின் வரவுசெலவை மக்கள்முன் வைக்க வேண்டும். கூட்டம் பள்ளிக்கூட மரத்தடியிலும் நடக்கும், கோயில் திடலிலும் நடக்கும். சாத்துவதற்குக் கதவே கிடையாது. டென்பி ஆசிரியர் கண்டால் பொறாமைப்படுவார். ஆனால் பத்துப் பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தால், திறந்த வெளியில் நடந்தாலும் அது மூடிய கூட்டமே.

உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2019-இல் ஊரகத்திலும் 2022-இல் நகர்ப்புறத்திலும் நடந்த தேர்தல்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படியே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களிற் சிலருக்கு நாற்காலி மறுக்கப்பட்டதையும், சிலருக்காகக் கணவர்மார் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்ததையும் பத்திரிகைகளில் நாம் படித்திருக்கிறோம். பதில் சொல்லும் கடமை யாருக்கு என்ற கேள்வி அங்கே இன்னும் சிக்கலாகிறது. தவறு நேர்ந்தால் ஆட்சியரின் விளக்கக் கடிதம் மனைவியின் பெயருக்குத்தான் வரும். பெற்றோர்களில் எவரேனும் இவ்வனுபவம் உடையவரானால், அடுத்த ஆண்டு மலருக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம்.

பதினெட்டு வயது நிரம்பி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து ஒருத்தி கிராம சபையின் உறுப்பினர், அழைப்பிதழ் தேவையில்லை. தேர்தலில் நிற்க இருபத்தொன்று ஆக வேண்டும். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பதினெட்டுக் கிராம சபைகள் கூடும்.